வேறு கை பட்ட தலை

டீச்சரின் தலையில் கை வைத்ததுமே பார்லர் அக்காவுக்குப் பகீரென்றது. உச்சியில் வைத்த விரல்கள் அங்கே நிற்காமல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு பிடரிக்கு வந்துவிட்டன.

“டீச்சர், வேற எங்கயாவது போனீங்களா?”

“எங்க?”

“தலைக்கு.”

“தலைய எப்படிம்மா தனியா அனுப்புறது? நான் போற இடத்துக்குத்தான் அதுவும் வரும்.”

கணக்கு டீச்சர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். பார்லர் அக்காவும் எப்போதும் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

கடை திறந்த அன்று முதலில் படியேறி வந்தவர் டீச்சர்தான். இடுப்பைத் தாண்டிய கூந்தல். அதைப் பார்த்துத்தான் மற்ற பெண்கள் வந்தார்கள். டீச்சர் போனால் பின்னாலேயே ஊரும் போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும். அதைவிட, அந்தக் கூந்தலை இன்னொருத்தி தொடுவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

இன்னொருத்தி எதிரிலேயே இருந்தாள். சில மாதங்களுக்கு முன்னால் தெருவின் அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு ஒரு பார்லர் வந்திருந்தது. அதன் சொந்தக்காரியின் தலைமுடி வெயிலில் பளபளத்து இங்கே வரைக்கும் கண்ணைக் கூசவைக்கும். அக்கா அவளுக்கு வைத்த பெயர் மினுக்கி.

“எல்லாம் சிலிகான்” என்பாள் அக்கா. “முடிக்குப் போடற பாலிஷ். மேலே பளபள, உள்ளே பாழ்.” அவள் கடை வாசலில் ‘இங்கே சிலிகான் கிடையாது’ என்று பலகையே தொங்கியது. எந்த பாட்டில் வந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிப்பாள். ‘கோன்’ என்று முடிகிற சிலிகான் வகைப் பெயர் ஒன்று சிக்கினால் போதும், பாட்டில் குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

“அண்ணி, டீச்சர் காத்துக்கிட்டிருக்காங்க” என்றாள் நாத்தனார், துண்டு மடித்தபடி.

அக்கா கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனசு சரியில்லை என்றால் கையைத் தேய்ப்பது அவள் வழக்கம். முன்பெல்லாம் வெறும் கை. இப்போது, நேற்றுக் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் ஆசையாகக் கொடுத்த க்ரீம் டப்பா இடுப்புப் பையில் இருந்தது. தண்ணீரிலேயே கிடந்து வெடித்துப்போன கைகளைப் பார்த்து மனுஷனுக்கு இத்தனை வருஷம் கழித்து இரக்கம் வந்திருக்கிறது. விலை தெரியக் கூடாதென்று மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட உரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

“தலைய அலசிடலாம் டீச்சர்” என்றாள்.

சிலிகானை உரித்தெடுக்கவென்றே ஒரு காரமான ஷாம்பு உண்டு. அதைப் போட்டு அலசினாள். அவள் கையே எரிந்தது. துடைத்து, கொஞ்சம் க்ரீம் தடவிக்கொண்டு, தலையைத் தொட்டுப் பார்த்தாள். வழுக்கியது.

மறுபடி அலசினாள். கை இன்னும் எரிந்தது. இன்னும் கொஞ்சம் க்ரீம். மறுபடி தொட்டாள். முன்னைவிட வழுக்கியது.

“என்னத்தப் பூசி விட்டிருக்கா அவ? உரிய மாட்டேங்குதே” என்று பல்லைக் கடித்தாள்.

“அவன்னா எவ?” என்றார் டீச்சர், தொட்டிக்குள்ளிருந்து.

“உங்களுக்குத் தெரியாதாக்கும்.”

“நான் எங்கயும் போகலம்மா. கழுத்து வலிக்குது, விடு.”

எந்தத் திருடன்தான் ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். டீச்சர் எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். கூந்தல் விளக்குமாறு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த பல் டாக்டரின் தலையும் வழுக்கியது. அதற்கடுத்து வந்த தையல்காரம்மாவின் தலையும் வழுக்கியது. முடி வெட்டும்போது கத்தரிக்கோலே கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது.

“பாத்தியா, இவங்க தலையில இருக்கறது கத்தரிக்கோல் வரைக்கும் வந்துடுச்சு” என்றாள் நாத்தனாரிடம்.

“எல்லாரும் ஒரே நாள்ல போயிருப்பாங்களா அண்ணி?”

“அவ கூட்டிப்போயிருப்பா. மொத்தமா வந்தா சலுகைன்னு சொல்லியிருப்பா.”

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களை முதலில் விசாரணை, பிறகுதான் நாற்காலி என்றாயிற்று. கடைசியாக எங்கே முடி வெட்டினீர்கள், யார் கூட வந்தார்கள், எதிர்ப்பக்கம் ஏன் பார்த்தீர்கள். பதில் எதுவானாலும் காரமான ஷாம்பு நிச்சயம். வார முடிவில் கடையில் நாத்தனாரும் காற்றாடியும்தான் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் புலம்பித் தீர்த்தாள். “நம்பினவங்கதாங்க நெஞ்சில குத்தறாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்கு மிச்சம்” என்று வீட்டுக்காரரின் தலையைப் பிரியமாகக் கோதினாள்.

கை வழுக்கியது.

“நீங்களுமா?”

“என்ன நானுமா?”

“மினுக்கிகிட்டப் போனீங்களா இல்லையா?”

“இருக்கறதே நாலு முடி. அதுக்கு யாரும்மா பாலிஷ் போடுவாங்க?”

“முடியப் பத்திக் கேக்கல. போனீங்களா இல்லையா?”

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களின் முகத்தை நிறையப் பார்த்தவர். இப்போது அவர் முகமே அப்படி ஆகிவிட்டது.

“அது வந்து... நான் சொல்றத முழுசா கேளு.”

அவள் கால்வாசிகூடக் கேட்கவில்லை. அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் குனியவைத்து அலசினாள். நாலில் இரண்டு தண்ணீரோடு போயிற்று. மீதி இரண்டும் வழுக்கின. கட்டிலை அவள் எடுத்துக்கொண்டாள், அவருக்குக் கூடத்து நாற்காலி.

மறுநாள் காலை கடையைத் திறந்து, கையைத் தேய்த்தபடி ஜன்னலில் நின்றாள். எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் யாரோ சாய்ந்திருந்தார்கள். இடுப்பைத் தாண்டிய கூந்தல்.

புருஷனைக்கூட மன்னித்துவிடலாம் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. டீச்சரை முடியாது.

“அண்ணி, வேணாம்” என்று நாத்தனார் சொல்வதற்குள் அவள் தெருவைத் தாண்டிவிட்டாள்.

“கையும் களவுமா பிடிச்சேன்” என்று உள்ளே நுழைந்தாள். “எங்கயும் போகலன்னு சொன்னீங்களே டீச்சர்.”

டீச்சர் நிமிர்ந்தார். “அன்னிக்குப் போகல. இன்னிக்குத்தான் முதல் தடவையா வரேன். நீ தேய்ச்ச தேய்ப்புல முடி கொத்துக்கொத்தாக் கொட்டுது. உங்கிட்டத் திரும்ப வரப் பயமா இருக்கும்மா.”

சொல்லும்போது டீச்சருக்குக் குரல் கம்மியது.  ஆனாலும் அக்கா விடுவதாக இல்லை. டீச்சரின் உச்சியில் கையை வைத்துச் சர்ரென்று இழுத்துக் காட்டினாள்.

“அப்ப இது என்ன? வழுக்குதே.”

மினுக்கி குழப்பத்தோடு வந்து தானும் தொட்டுப் பார்த்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண். “அக்கா, நான் இன்னும் வெறும் தண்ணிதான் ஊத்தியிருக்கேன். உங்க கஸ்டமர் வேற யாரும் இங்க வந்ததும் இல்ல.”

“என் வீட்டுக்காரர்?”

அவள் பதில் சொல்லத் தயங்கினாள். அக்காவுக்கு அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இவள் முன்னால் அழக் கூடாது என்று, கை தானாக இடுப்புப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தது.

டப்பாவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“அட, இதுக்குத்தான் அக்கா அண்ணன் வந்தாரு. ‘என் பொண்டாட்டி கை வெடிச்சுப் போச்சு, எங்க வாங்கினதுன்னு மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. சுத்தமான சிலிகான். கை எப்படி இருக்கு?”