மலைக்குள் மூன்று தட்டு

எங்கள் டொக்கு நைனா தட்டிப் பார்க்காதவை உலகத்தில் இரண்டுதான்: கடல், ஆகாயம். போன மாதம் சுவிட்சர்லாந்துக்கு விமானம் ஏறியபோது ஆகாயத்தையும் ஒரு கை பார்த்துவிட்டார். விமானத்தின் உட்சுவரை விரல் முட்டியால் தட்டி, "இன்னாம்மா, உள்ள காலியா கீது?" என்று பணிப்பெண்ணிடம் விசாரித்தார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு போர்வை கொடுத்துவிட்டுப் போனாள்.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில், எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஷிப்ட் தொடங்கும் முன் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் வேலை செய்யலாம், டொக்கென்றால் ஓட வேண்டும். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், நைனாவின் கை மட்டும் மூடவில்லை. பங்காருபேட்டையில் பெண் பார்க்கப் போன இடத்தில் பீரோவைத் தட்டி, "உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லி ஒரு சம்பந்தத்தையே கலைத்த மகானுபாவர்.

அவரை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பியது பெங்களூரில் இருக்கும் அவர் மகள். துணைக்கு மாட்டியவர்கள் நானும் என் மனைவியும். முப்பது வருஷம் பெங்களூர் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி ஆபீஸ் போய்வந்தவன் நான். ஒரு தடவையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து மலை பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தலையாட்டிவிட்டேன்.

முதல் நாள் ஓட்டலில் அவர் அறைச் சுவரை மும்மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறை வெள்ளைக்கார அம்மாள், தான் டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டதாக நினைத்து, மன்னிப்புக் கேட்டு சாக்லேட் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் இன்னொரு டப்பா வந்தது. நான் சிரித்தேன். ஆனால் நைனா தட்டிய பிறகு சுவரில் காதை வைத்துக் காத்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று என்றால் என்னவென்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, மணி அடிப்பதில் ஒரு கணக்கு உண்டு. மூன்று அடித்தால் 'ஆள் ஏறப்போகிறான், நில்லு'. ஒன்று அடித்தால் 'மேலே தூக்கு'.

மூன்றாம் நாள் மலை ரயில். பச்சைச் சரிவு, மணி கட்டிய மாடுகள், ஆகாயத்திலிருந்து தொங்கும் அருவி என்று எல்லாரும் போனும் கையுமாக இருந்தார்கள். நைனா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ரயில் மலையைக் குடைந்து உள்ளே நுழைந்தது. காது அடைத்தது. ஈரப் பாறையின் வாசனை வந்ததும்தான் அவர் வாயைத் திறந்தார்.

ஒரு தரம் பாறை வெடித்துச் சரிந்ததில் அவரோடு சேர்ந்து வேலை பார்த்த ஜோடிக்காரன் அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டானாம். காற்றுக் குழாயில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டதாம். மறுபடி சரியப்போகிறது, எல்லாரும் கேஜில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"மூணு மூணா அடிச்சினே இருந்தாம்ப்பா. நான் ஏறி வந்துட்டேன்" என்றார்.

இத்தனை வருஷம் ஊரே கேலி செய்த தட்டல் அது. நானும் செய்திருக்கிறேன்.

ரயில் மலைக்கு நடுவே ஒரு நிலையத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. கண்ணாடி வழியே பனி பார்க்கலாம் என்று கூட்டம் ஒரு பக்கம் ஓட, நைனா எதிர்ப்பக்கம் போய்ப் பாறையை மூன்று தரம் தட்டினார்.

பாறைக்குள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

பனி இறுகும்போது இப்படிச் சத்தம் வருவது சகஜம் என்று எங்களோடு வந்த வழிகாட்டி விளக்கினார். நைனா மறுபடி தட்டினார். மறுபடி மூன்று, அதே இடைவெளியில். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நைனா பாறையோரம் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "நீங்க போங்க. ஒருத்தன வுட்டுட்டு ஒரு தபா ஏறிட்டேன். இன்னொரு தபா முடியாது."

ரயில் கிளம்பப்போவதாக அறிவிப்பு வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன், மகள் பெயரைச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. வேறு வழி தெரியாமல், என் மனைவியை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பாறை வளைவுக்குப் பின்னால் ஓடினேன். பையைக் குடைந்து எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பாறையில் ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டினேன். மேலே தூக்கு.

திரும்பி வந்தபோது நைனா ரயிலுக்குள் இருந்தார். கண்ணெல்லாம் ஈரம். "போவச் சொல்ட்டாம்ப்பா" என்றார்.

என் சாமர்த்தியத்தை மனைவியின் காதில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீங்க தட்னது கேட்டுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே பாறைக்குள்ளேர்ந்து ஒரு தட்டு கேட்டுச்சுங்க. அப்பவே எழுந்து உள்ள வந்துட்டாரு."

பாட்டிலைப் பையில் வைக்கக் கை வரவில்லை. ரயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. நான் முப்பது வருஷமாக ஆசைப்பட்ட மலைகள் ஜன்னல் முழுக்க நின்றன. நைனா என் தோளில் தலை சாய்த்து, வாயைத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிப்போனார். ஜன்னல் மறுபக்கம் இருந்தது. அவர் தூக்கம் கலையாதபடி, கடைசி நிலையம் வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.