எங்கள் வீட்டு டீ நிறத்தில் ஒரு வாசற்கதவு

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். டீக்கலர் அண்ணனுக்கு டீ போட்டுக் கொடுக்காமல் அவர் கையால் கதவுக்குப் பாலிஷ் வாங்கியவர்கள் ஒருத்தரும் கிடையாது.

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. ஊரில் மற்ற பாலிஷ்காரர்கள் வந்ததும் கலர் அட்டையை விரிப்பார்கள். தேக்கு, வால்நட், ரோஸ்வுட் என்று பட்டியல் சொல்வார்கள். இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "டீ போடச் சொல்லுங்க" என்பார். கண்ணாடி கிளாஸில்தான் வேண்டும். அதைச் சுவரோரம் வைத்துப் பார்ப்பார், தரையில் வைத்துக் குனிந்து பார்ப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கடைசியில் குடித்துவிடுவார். அந்த வீட்டு டீ என்ன நிறமோ, அந்த வீட்டு மரமும் அதே நிறம்.

"தெனம் மூஞ்சிக்கு நேரா வெச்சிப் பாக்கற கலர் சார். கண்ணு உறுத்தாது. செவுரு கலர மாத்திக்கலாம், டீய மாத்த முடியுமா?" இதுதான் அவருடைய மொத்த சாஸ்திரம்.

ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் துளசியை வெந்நீரில் போட்டுக் கொடுத்தாராம். அண்ணன் கிளாஸை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "கலரே இல்லியேம்மா" என்று மேஜைக்கு வெறும் மெழுகைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கப்புறம் அதுவே ஃபேஷனாகி, செங்கம் ரோட்டில் பாதி காப்பிக் கடைகளின் மேஜைகள் அம்மணமாக நின்றன. இன்னொரு வீட்டில் டீ, காப்பி இரண்டும் கிடையாது, சத்துமாவுக் கஞ்சிதான். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் ஆவி பறக்கும் போலிருக்கும். ஒரு அதிகாரி வீட்டில் டீயே தரவில்லை. "டீ குடுக்காத வூட்டுக்குக் கதவு எதுக்கு? யாரு வரப் போறாங்க?" என்று வாசலோடு திரும்பிவிட்டார்.

இப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான், விஷயம் தெரிந்தும், வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் கூப்பிட்டேன். விதி!

வீடு கட்டியதே அப்பாவுக்காக. அம்மா போன பிறகு அடி அண்ணாமலையில் பழைய வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு கிடந்தார். எவ்வளவு கெஞ்சினாலும் வர மாட்டேன் என்று ஒரே பிடி. கடைசியில் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். "வாசக்கதவுன்னா கருகருன்னு நிக்கணும். வெளுத்த கதவு வெச்ச வூட்ல நான் படுக்க மாட்டேன்." வராமல் இருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கதவு கிடைத்தது. என் மனைவி மலருக்கோ வெள்ளைச் சுவர், சாம்பல் நிற டைல்ஸ், பெரிய பெரிய ஜன்னல். அதற்கு வெளிறின மரம்தான் பொருந்தும் என்று போனில் நூறு வீடியோ பார்த்து முடிவு கட்டியிருந்தாள். "கருப்புக் கதவு வெச்சா கோர்ட்டு மாதிரி இருக்கும்ங்க." நடுவில் நான், மத்தளம்.

கொத்தனார்களுக்கு என்று வைத்திருந்த ஒற்றை அடுப்பில் மலர் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அண்ணன் கிளாஸைத் தூக்கினார். "லைட்டு" என்றார். மலர் முகம் மலர்ந்தது.

கதவு விஷயம் என்று கேள்விப்பட்டு வந்திருந்த அப்பா பொங்கிவிட்டார். "இது டீயா? பாலு வூட்டுக்கு டீத்தூளு துக்கம் விசாரிச்சுட்டுப் போன மாரி இருக்குது!" நேரே அடுப்படிக்குப் போய்த் தன் டீயைத் தானே போட்டார். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது, அப்படிக் கறுப்பு.

அண்ணன் இரண்டையும் பார்த்தார். இரண்டையும் குடித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஒரே வூட்ல ரெண்டு டீயா! நம்மால ஆவாது சார். ஒரு டீ ஆவட்டும், அடிக்கறேன்."

"அண்ணே, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு!"

"டீக்குக் குறிச்சீங்களா?"

வேறு ஆளைப் பார்க்கலாம் என்றால், மலரும் அப்பாவும் சேர்ந்தாற்போல "வாணாம்" என்றார்கள். தன் டீதான் ஜெயிக்கும் என்று இருவருக்கும் நம்பிக்கை. தினமும் காலையில் அண்ணன் வந்து கிளாஸைத் தூக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், குடிப்பார், போய்விடுவார். மருமகளைத் தனியாக டீ போட விட்டால் மோசம் போய்விடும் என்று அப்பாவும் ஷேர் ஆட்டோ பிடித்துத் தினமும் வந்து நின்றார்.

"மாமா, தூளு ஜாஸ்தி."

"பாலு ஜாஸ்திம்மா. கம்மி பண்ணு."

"அப்ப இஞ்சியாவது தட்டிப் போடுங்க."

"இஞ்சியா? சரி, போட்டுத்தான் பாப்போம்."

கிரகப்பிரவேசம் நெருங்கிக்கொண்டே இருந்தது. கதவு பாலிஷ் இல்லாமல் வெறும் மரமாக நிற்கிறது. இவர்களோ இஞ்சியா ஏலக்காயா என்று வாதாடுகிறார்கள். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருக்க ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே டைல்ஸில் துண்டை விரித்துப் படுத்து, "குளுகுளுன்னு இருக்குதுடா" என்றார். ஒருநாள் தலையணையைக் கொண்டுவந்து உள்ளறையில் வைத்தார். நான் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்துவிட்டேன். வாயைத் திறந்து கெடுத்துக்கொள்வானேன்?

அப்புறம் ஒரு காலையில் ஒரே கிளாஸ் டீ வந்தது. மாமனாரும் மருமகளும் சேர்ந்து போட்டது. அண்ணன் அதைச் சுவரோரம் வைத்தார், தரையில் வைத்தார், வெளிச்சத்தில் தூக்கினார். "இப்ப வந்துச்சு பாரு கலரு!" என்று அன்றைக்கே கதவைத் தேய்க்க எமரித் தாளை எடுத்தார்.

கதவைப் பார்த்து மலர், "கொஞ்சம் டார்க்கு" என்றாள். அப்பா, "கொஞ்சம் வெளுப்பு" என்றார். அண்ணனுக்குப் பரம திருப்தி.

இதையெல்லாம் அவர் திட்டம் போட்டுச் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்குத் தெரிந்தது டீ ஒன்றுதான்.

கிரகப்பிரவேசத்தன்று சாயங்காலம் சொந்தபந்தமெல்லாம் கிளம்பிவிட்டது. அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டார். சரி, அவரும் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மலரு, நாளைக்கி எத்தினி பாக்கெட்டு பாலும்மா சொல்லியிருக்க?" என்றார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். விசேஷத்துக்கு வந்திருந்த அண்ணன் வாசலில் மிச்சமிருந்த தன் டப்பாக்களை மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். கறை ஏறிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார், இன்னும் ஏதாச்சும் மரம் பாக்கி இருக்குதா?"

"ஒண்ணும் இல்லண்ணே. வேலை இல்லேன்னாலும் வாங்க."