சீப்பக்காவும் குமுதாவின் சடையும்

காஞ்சிபுரத்தில் ஓடிய தறிகளைக்கூட யாராவது உட்கார்ந்து எண்ணிவிடலாம். சீப்பக்கா சிக்கெடுத்த தலைகளை எண்ண முடியாது. சிக்கு விழுந்த ஒரு தலையைப் பார்த்துவிட்டுச் சும்மா போன சரித்திரமே அவளுக்கு இல்லை. தெரிந்தவளா, தெரியாதவளா, கலெக்டர் பெண்சாதியா, கீரைக்காரியா, அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே கிடையாது. தலை இருக்கவேண்டும், அதில் சிக்கு இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் ஆசிரியைப் பயிற்சிக்காகக் காஞ்சிபுரம் போய், பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். சீப்பக்கா அங்கே எங்களுக்கெல்லாம் சீனியர். மாகறல் பக்கத்துக்காரி. கொண்டையில் எந்நேரமும் ஒரு மரச்சீப்பு செருகியிருக்கும். அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போய், விடுதி வாசலில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினேன். புதிதாக வந்தவளிடம் பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். சீப்பக்கா என் தலையைப் பார்த்தாள். பலகாரக் கடையைப் பார்த்த குழந்தை மாதிரி கண் விரிந்தது.

"திரும்பு" என்றாள்.

"எதுக்குங்க?"

"திரும்புன்றேன்ல? இப்டி குந்து."

பெட்டியின் மேலேயே உட்கார வைத்தாள். அடுத்த அரை மணி நேரத்தில் அவளுடைய அக்கா புருஷன் எவ்வளவு கஞ்சன், அவர் வீட்டு எருமை எத்தனை பேரை முட்டியது, அந்த எருமையிடம் அவரே முட்டு வாங்கிக்கொண்டு எந்த வேலி மேல் விழுந்தார் என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சிரித்து முடித்தபோது என் தலை பட்டு மாதிரி தொங்கியது. ஓர் இடத்தில்கூட வலிக்கவில்லை. அதற்குத்தான் அந்த எருமைக் கதை என்பது பிற்பாடுதான் புரிந்தது. ஆளுக்குத் தக்கபடி கதை வைத்திருந்தாள். பயந்தவளுக்குச் சிரிப்புக் கதை, அழுமூஞ்சிக்குப் பேய்க் கதை.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஓரிக்கைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நிற்க இடமில்லாத கூட்டம். எங்களுக்கு முன் சீட்டில் ஓர் அம்மாள். தலைக்குக் குளித்து ஆற்றாமல் முடிந்துபோட்ட கூந்தல், தேங்காய் நார் மாதிரி பின்னிக்கிடந்தது. நான் சீப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்து என்ன பிரயோஜனம், அவளுக்கு இன்னொரு கை இருந்ததே!

"திருடி! திருடி! தலையில கை வைக்கிறா!" என்று அந்த அம்மாள் கூச்சல் போட்டாள். கண்டக்டர் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் சீப்பக்கா பாதித் தலையை முடித்திருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் கண்டக்டர்.

அந்த அம்மாள் சிக்குப் போன பாதியைத் தொட்டுப் பார்த்தாள். மீதிப் பாதியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா, நீ வண்டிய எடு" என்றாள். அப்புறம் பின்னால் திரும்பி, "நீ இந்தப் பக்கமும் முடிச்சுடு கண்ணு."

பரீட்சையில் சீப்பக்கா ஒருமுறை கோட்டை விட்டதும் இதனால்தான். முன் பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணின் பின்னலில் நுனியெல்லாம் முடிச்சு. "அத்த பாத்துக்கினு எவளால குழந்தை உளவியல் எழுத முடியும்?" என்று அவள் எங்களிடம் நியாயம் கேட்டாள். கோயில் வாசலில் ஒரு சடாமுடிச் சாமியார் உட்கார்ந்திருப்பார். யாருக்கும் அஞ்சாதவர். சீப்பக்கா தெருமுனையில் திரும்பினால் மட்டும் திருவோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

இப்படிப்பட்டவள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகவேண்டும் என்று திருமுக்கூடல் பக்கம் ஒரு மாதம் அனுப்பப்பட்டாள். அவள் இல்லாத அந்த ஒரு மாதத்தில்தான் குமுதாவுக்கு டைபாய்டு வந்தது.

குமுதா என் அறைத்தோழி. வாயைத் திறந்து உப்பு கேட்கக்கூடக் கூச்சப்படுகிற பெண். கூந்தல் மட்டும் இடுப்புக்குக் கீழே. காய்ச்சல் அறையில் மூன்று வாரம் நினைவு வந்தும் போயும் கிடந்தாள். தலையில் கை வைத்தாலே அலறினாள் என்பதால் யாரும் வாரவில்லை. உதிர்ந்த முடியும் உதிராத முடியும் தலையணையில் புரண்டு புரண்டு, காய்ச்சல் விட்டபோது அவள் பிடரியில் ஒரு பெரிய விளாங்காய் மாதிரி திரண்டு, அதற்குக் கீழே கயிறு கயிறாகத் தொங்கியது.

எங்கள் வார்டனம்மா பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சடை விழுந்திருக்குது! அம்மன் வந்து எறங்கியிருக்கா!"

காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு சொல் வாயைவிட்டு வந்தால் போதாதா? வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்துத் தெரு நெசவாளர் வீட்டுப் பெண்களெல்லாம் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக விடுதி வாசலில் நின்றார்கள். குமுதாவைக் கூடத்தில் பலகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்தி காலில் விழுந்து, "அம்மா, என் மவனுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?" என்று கேட்டாள்.

குமுதா மிரண்டுபோய், "தண்ணி..." என்றாள்.

"தண்ணி கேக்குறா! அம்மா தண்ணி கேக்குறா! இந்த வருசம் பாலாத்துல வெள்ளம்தான்!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. தண்ணீரை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் மொண்டுகொண்டு வந்தேன்.

பிரின்சிபாலுக்கு இது பிடிக்கவில்லை. "திங்கட்கிழமை அந்த முடிய வெட்டிட்டு வகுப்புக்கு வரட்டும். இல்லைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். செய்யாறு பக்கத்திலிருந்து குமுதாவின் அப்பா வந்தார். வெட்டினால் தெய்வக் குத்தம், வெட்டாவிட்டால் படிப்பு போச்சு. மனிதர் துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டு தூணோரம் நின்றார். ஆறு பெண்களைப் பெற்று, முதல்முதலாக ஒருத்தியைப் படிக்க அனுப்பியவர்.

சனிக்கிழமை காலையில் அதே கூட்டத்துக்கு நடுவே, தோளில் பையோடு சீப்பக்கா வந்து சேர்ந்தாள்!

அவள் வாழ்நாளில் பார்த்திராத சிக்கு. பாய்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் பையை இறக்கி வைத்தாள். குமுதாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி, உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

அதுவரை ஒருவரும் குமுதாவிடம் அதைக் கேட்கவில்லை. நானும்தான். அவள் கண் நிறைந்தது. "தலை வலிக்குதுக்கா" என்றாள். "கனமா இருக்குது. படுக்க முடியல."

சீப்பக்கா எழுந்தாள். "எண்ணெய் கொண்டாங்கடி!"

"தொடாத!" வார்டனம்மா குறுக்கே வந்து நின்றாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "எங்க ஊர்ல ஒரு பொண்ணுக்கு இப்டித்தான் சடைய வெட்டுனாங்க. அந்த மாசமே போயிட்டா. என் கண்ணால பாத்தேன். இவள நான் காய்ச்சல்லருந்து மீட்டு வெச்சிருக்கேன். வாணாம்டி, சொல்றதக் கேளு."

"நான் எங்க வெட்டப் போறேன் வார்டனம்மா? பிரிக்கத்தான் போறேன்."

"பிரிச்சா மட்டும் அம்மனுக்குக் கோவம் வராதா?"

"காமாட்சிக்குத் தெனமும் அபிஷேகம் பண்ணி, அலங்காரம் பண்ணி, பூ வெச்சுத்தான தெரையத் தொறக்குறாங்க? நீங்கதான் நாள் தவறாம போறீங்க. அவ ஒரு நாளாவது சிக்குத் தலையோட நின்னு பாத்துருக்கீங்களா?"

எலுமிச்சம்பழக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் மெதுவாக, "பாத்ததில்லியே" என்றது. "நியாயம்தான?" என்றது இன்னொன்று. வார்டனம்மா வழிவிட்டாள்.

குமுதாவின் அப்பா தூணோரத்திலிருந்தே, "நீ பண்ணும்மா" என்றார்.

ஐயோ, அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வேன்! விடுதியே போர்க்களம். ஒருத்தி நல்லெண்ணெய் காய்ச்சினாள். ஒருத்தி செம்பருத்தி இலையைக் கசக்கி வழவழவென்று சாறு எடுத்தாள். "தண்ணி மட்டும் காட்டாதீங்க, இறுகிப்பூடும்!" என்று சீப்பக்கா கத்திக்கொண்டே இருந்தாள். சடையின் வேர்ப்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. இழுக்கிற இழுப்பு மண்டைக்குப் போகக்கூடாது. நுனியிலிருந்து ஆரம்பித்து, விரலால் கொஞ்சம், கோணி ஊசியால் கொஞ்சம், சீப்பால் கொஞ்சம் என்று அவள் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

அருள்வாக்கு கேட்க வந்த கூட்டம் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. தினமும் பட்டு நூலில் சிக்கெடுக்கிற கைகள் அல்லவா, சும்மா இருக்குமா? "அந்த இழைய வுடும்மா, இந்தாண்ட வாங்கு!" "அய்ய, அது பாவு மாதிரி நேரா வரும், குறுக்கால போறத மொதல்ல எடு!" எதிர் வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் கூடவே "மெல்லகா, மெல்லகா" என்று ஜபித்துக்கொண்டிருந்தாள். ஒரு கொத்து பிரிந்து விழுந்தால் தேர் நிலைக்கு வந்த மாதிரி ஆரவாரம். உள்ளேயிருந்து வேப்பிலை வந்தது, காய்ந்த கனகாம்பரம் வந்தது, நான் எத்தனையோ நாளாகத் தேடிக்கொண்டிருந்த சேஃப்டி பின்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடரியில் இருந்த அந்த விளாங்காய் மட்டும் மிச்சம். அது அசையவில்லை. ஊசி வளைந்தது. சீப்பில் ஒரு பல் போயிற்று. கதைகளும் தீர்ந்து, கஞ்ச அக்கா புருஷன் மூன்றாம் முறையாக வேலியில் விழுந்துகொண்டிருந்தார். சீப்பக்காவின் விரல்கள் வீங்கி, நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. குமுதா திரும்பி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

"போதும்கா. வெட்டிடுங்க. நான் ஊருக்கே போயிடுறேன்."

"வாய மூட்றி" என்றாள் சீப்பக்கா. முற்றத்தில் போய்த் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினாள். திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு, அந்த உருண்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சட்டென்று கண்ணைத் திறந்தாள். "உள்ள முடியில்லாத ஒண்ணு இருக்குதுடி! பிளேடு எடு!"

"வெட்டமாட்டேன்னியே!" என்று வார்டனம்மா அலறினாள்.

"முடிய வெட்டல!"

ஊசி முனையால் உள்ளே துழாவி எதையோ வெளியே நெம்பி, பிளேடால் ஒரு கீறு. பட்டென்று ஏதோ அறுந்தது. அந்த உருண்டை, மூச்சு விட்ட மாதிரி, தளர்ந்தது. சீப்பக்கா உள்ளேயிருந்து இழுத்தாள். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடிச்சு முடிச்சாக ஒரு மஞ்சள் கயிறு.

கூடமே அதை உற்றுப் பார்த்தது. வார்டனம்மா கிட்டே வந்து, கயிற்றை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இது... நான் மந்திரிச்சுக் கட்டுனதாச்சே! காய்ச்சல் எறங்கணும்னு மொத நாளே பின்னல்ல கட்டுனேனே!"

முதலில் சிரித்தது எலுமிச்சம்பழக் கூட்டமா, நாங்களா, தெரியாது. வார்டனம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காய்ச்சல் எறங்குச்சு இல்ல? அது சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த பூவைக் கொண்டுவந்து குமுதாவின் தலையில் தானே வைத்தாள். பாதிக் கூந்தல் காய்ச்சலில் போயிருந்தது. மிச்சம் இருந்ததை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, அதை ஆட்டிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள் குமுதா. அவள் அப்பா பிரின்சிபால் அறைக்கு வெளியே நின்று எல்லாரையும் கும்பிட்டார், பியூன் உட்பட.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலச் சாப்பாட்டுக்காகத்தான்.

பந்தியில் சீப்பக்காவுக்குச் சோறு பிசைய முடியவில்லை. விரல் மடங்கவில்லை. ஸ்பூன் தேடி நாங்கள் சமையலறையைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, குமுதா யாரிடமும் எதுவும் சொல்லாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் ஊட்டினாள்.

"ஏய், இன்னாடி இது, நான் என்ன கொயந்தையா?" என்றாள் சீப்பக்கா. "ரசத்துல உப்பு போதல. கொஞ்சம் சின்னதா உருட்டுடி. கடைவாய்ல இடிக்குது பாரு..."

இரண்டு கவளம் வரை பேசினாள். மூன்றாவதில் பேச்சு நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, வாயை மட்டும் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். மாகறலில் அவளுக்கு ஊட்டிவிட யாரும் இருந்தார்களா என்று எங்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஊரெல்லாம் தலை தொட்ட அந்தக் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். கை காய்ந்துபோயிற்று. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தியைவிட்டு ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.