ஒரு லட்சத்து இரண்டாயிரத்து முந்நூறுக்கு ஒரு மகஜர்

786

திருச்சுழி,
15.11.1996

கண்ணியமும் கடல் கடந்த பிடிவாதமும் நிறைந்த மாப்பிள்ளை முகம்மது அனீஸ் அவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டு கோலி சோடாக் கடை ஜமால் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், என் தங்கையும் தங்கள் மனைவியுமான அப்ரோஸ் பேகமும், தாங்கள் தம்மாமிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மூவரில் பெட்டிக்கு மட்டும் லேசாக நெஞ்சு சளி. கேசட்டை உருவி நாலு ஊது ஊதிச் சொருகினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது.

மாப்பிள்ளை, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. தாண்டிவிட்டேன்! ஏரோப்ளேன் ஆட்டத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரத்து முந்நூறு! நான்கு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது நீங்கள் எடுத்து, காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதி, யாரும் அந்தத் தாளைக் கிழிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனீர்களே தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு, அதற்கு இனி இரண்டாம் இடம்தான். போன கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? "மச்சான், என் நம்பரை நீங்க தாண்டிட்டா நோன்புப் பெருநாளைக்கு நான் ஊர்ல நிப்பேன். ஆனா ஆதாரம் வேணும், வாய்ப்பேச்சு செல்லாது." வருடா வருடம் 'அடுத்த வருசம்' என்று எழுதுகிற ஆள் வாய் தவறி இப்படி ஒன்றை எழுதிவிட்டால் மச்சான்காரன் விடுவானா? தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். பெருநாள் எந்த மாதம் வருகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கே கடை ஸ்டூலைத் தூக்கிவந்து உங்கள் வீட்டு டிவி முன்னால் போட்டுவிட்டேன்.

அந்த நாற்பது நாள் லீவு ஞாபகம் இருக்கிறதா மாப்பிள்ளை? கேசட் அட்டையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று போட்டிருந்தது, நாம் இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணியதில் பதினேழுதான் தேறியது, மற்றதெல்லாம் அதே ஆட்டம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தது. பதினேழே ஆயுசுக்கும் போதும் என்று கறிக்குழம்பு ஆறுவதுகூடத் தெரியாமல் ஆளுக்கொரு ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தோம். கார் ஆட்டத்தில் கார் இடது பக்கம் வளைந்தால் நீங்களும் உடம்போடு வளைந்து என் மடியில் விழுவீர்கள், அரபு தேசத்தில் லாரி ஓட்டுகிறவர் இவர்தானா என்று நான் பயந்துபோயிருக்கிறேன். உங்களுடையது ஸ்டியரிங் பிடித்த கை. என்னுடையது முப்பது வருடம் சோடா பாட்டிலில் கோலியை அமுக்கிய கட்டைவிரல். நான் ஒரு பட்டனை அமுக்கினால் அது மேலே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. தினம் காலையில் இரண்டு மணி நேரம் ஆடினேன், எம்.ரெட்டியபட்டி பஸ்ஸில் இறங்கிப் பன்னீர் சோடா கேட்டவர்கள் எல்லாம் பூட்டிய கடையிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து மாவு மில் ஓடும்போது வோல்டேஜ் குறைந்து டிவியில் படம் சுருங்கும், என் ஏரோப்ளேன் கொசு அளவுக்குப் போய்விடும், கொசுவை வைத்தும் சுட்டேன்!

போன மாதம் ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணிக்கு அந்த நம்பர் வந்தது. ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போய்விடும், கரண்டு போனால் நம்பரும் போய்விடும். செருப்புக்கூடப் போடாமல் போட்டோ ஸ்டுடியோ ரூபனிடம் ஓடினேன். "ஏலே ரூபா, கேமராவ எடு. வீட்ல ஒருத்தர் இருக்காரு, பன்னெண்டு மணிக்குப் போயிருவாரு, அதுக்குள்ள ஒரு படம் புடிச்சிரணும்" என்றேன். அவசரத்தில் வேறு எப்படிச் சொல்வது? பயலுக்கு முகம் செத்துவிட்டது. என் பின்னாலேயே வந்தான், வாசலில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான், கையில் ஒரு சம்பங்கி மாலை.

"பாய் வீட்டுல இதெல்லாம் போட மாட்டீகளேன்னு யோசிச்சேன். மனசு கேக்கல, வாங்கிட்டேன். பெரியவரு எங்க பாய்?"

டிவியைக் காட்டினேன். மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "வாங்குனது வாங்குனதுதான்" என்று டிவிக்கே போட்டுவிட்டான். கீரை விற்க வந்த மாரிக்கனியும் உள்ளே வந்துவிட்டாள். "எல்லாரும் ரெண்டு பக்கமும் நில்லுங்க, கண்ணச் சிமிட்டாதீக" என்றான், பளிச்சென்று ஒரு வெளிச்சம், அந்த வெளிச்சத்தோடு கரண்டும் போனது.

பிலிம் சுருள் முடியாமல் கழுவ மாட்டேன் என்று பதினொரு நாள் இழுத்தடித்தான், பாலவனத்தத்தில் ஒரு ஞானஸ்நானம் வந்துதான் எனக்கு விடிவு. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் பளீரென்று ஒரு சூரியன். டிவிக்கு மாலை. இரண்டு பக்கமும் நானும் தங்கச்சியும் மாரிக்கனியும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் டிவி தவறி எத்தனை நாளாச்சு என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

நான் அசருவேனா? படம் இல்லாவிட்டால் காகிதம். நேரே தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போனேன். புளியமரத்தடியில் மனு எழுதுகிற சோணைமுத்து பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"எதிர்மனுதாரர் யாரு பாய்?"

"எங்க மாப்ள."

"பாகப்பிரிவினையா?"

"இல்ல, ஏரோப்ளேனு."

பேனாவை மூடினார். பிறகு, "அந்த ஏரோப்ளேனு இப்ப யாரு பேர்ல இருக்கு?" என்றார். உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். நோன்புப் பெருநாள் விஷயம் வந்ததும் மனுசன் மறுபடி பேனாவைத் திறந்துவிட்டார். மாரிக்கனியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "நம்பரு கிம்பரு எனக்குத் தெரியாது. பாய் ஓடுன ஓட்டத்துல என் கீரைக்கூடையத் தட்டிவிட்டாக, அது சத்தியம்" என்கிறாள். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். "மேற்படி ஜமால் மைதீன், மேற்படி விமானத்தைத் தன் சுய கட்டைவிரலால், யாருடைய தூண்டுதலும் இன்றி இயக்கி, எதிரி விமானங்களை வீழ்த்தி மேற்படி எண்ணிக்கையை அடைந்ததை நேரில் கண்டோம்" என்று எவ்வளவு கம்பீரமாக எழுதியிருக்கிறார் பாருங்கள். ரூபன் கையெழுத்து, மாரிக்கனி கைநாட்டு, என் கையெழுத்து. மூன்றாம் வகுப்போடு நிறுத்திய நான் இத்தனை அழகாக என் பெயரை எழுதி நானே பார்த்ததில்லை.

ஆகவே மாப்பிள்ளை, ஆதாரம் கேட்டீர்கள், மகஜரே வந்துவிட்டது. இனி முதலாளி விடவில்லை, அடுத்த வருசம் பார்ப்போம் என்கிற பேச்செல்லாம் எடுபடாது. பிறை தெரியும் முன் வந்து சேரவும். தங்கள் லாரிக்கும் லாரியில் இருக்கும் தங்களுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல பிரேக்கையும் தருவானாக.

இப்படிக்கு,
தங்களை முந்திய மச்சான்,
ஜமால் மைதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்ட நாலு சோற்றுப்பருக்கை கேட்டேன். தங்கச்சி கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சொல்கிறாள்: "அண்ணே, அந்தத் தொண்ணூத்தெட்டாயிரம் அவுக எடுத்ததில்ல. பதினாறாயிரத்துல நிறுத்தி வச்சுட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனாக. நான் உக்காந்து ஆடுனேன். அவுக வர்ற சத்தம் கேட்டதும் நிறுத்தி வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். வந்து ஒரு பட்டனை அமுக்குனாக, பிளேனு விழுந்துருச்சு. நம்பரப் பாத்துட்டுக் குதிச்சாக பாருங்க, அப்புறம் எப்படிச் சொல்ல?"

நான் நம்பவில்லை. உளுந்தை ஊறப்போட்டுவிட்டு வந்து என் ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். இதை எழுதும்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம், இன்னும் பறந்துகொண்டிருக்கிறாள். ஆக, நான் தாண்டியது உங்களை இல்லை, உங்களைப் பதினாறாயிரத்திலேயே எல்லோரும் தாண்டியாயிற்று. மகஜரைக் கிழித்துவிடவும், பந்தயமும் செல்லாது. "அப்ப மாப்ளைக்கு என்னம்மா எழுத?" என்று கேட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நம்பருக்காக ஒண்ணும் வர வேணாம். ரெண்டாவது ரிமோட்டத் தொடச்சு வச்சிருக்கேன்னு மட்டும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.