சலங்கை மிக்கேல்

இனிமேல் சனிக்கிழமை முழுக்கத் தனக்கே சொந்தம் என்று ஆறுமுகநயினார் ஐம்பதாவது வயதில் ஒரு முடிவெடுத்தார். வாரத்தில் ஐந்து நாள் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி மேனேஜர் அவரைக் கேள்வி கேட்பார். ஏழு நாளும் மில்லர்புரம் வீட்டில் மனைவி சண்முகசுந்தரி கேட்பாள். யாருமே எதுவுமே கேட்காத ஓர் இடம் பூமியில் எங்காவது இருக்கத்தானே வேண்டும்? அது தாமிரபரணிக் கரையில் இருப்பதாக அவர் போனில் கண்டுபிடித்தார். முக்காணியில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஏரல் வரைக்கும் ஆற்றோரமாகவே மண்பாதை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், வயல். அதற்கென்றே ஒரு சைக்கிள் வாங்கினார்.

சைக்கிள் வந்து இறங்கியதும் சுந்தரி அதை மூன்று முறை சுற்றி வந்தாள்.

"ஸ்டாண்டு எங்க?"

"இதுக்கு ஸ்டாண்டு கிடையாது."

"கேரியரு?"

"கிடையாது."

"மட்கார்டு?"

"கிடையாதுளா."

"பெல்லு கூடவா இல்ல? நல்லதையெல்லாம் கழட்டி வச்சிக்கிட்டு மிச்சத்த உங்க தலையில கட்டிட்டானா கடைக்காரன்?"

"இது கிராவல் பைக். சரளைக்கல்லுலயும் சரளமா ஓடும்."

சுந்தரி சீட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு வாங்குங்க. நானும் வாரேன். பன்னெண்டாப்பு வரைக்கும் நான் சைக்கிள்லதான் போனேன், தெரியும்லா?"

நயினாருக்கு ஆற்றங்கரையே கண் முன்னால் இடிந்து விழுந்தது. நேரடியாக வேண்டாம் என்று அவளிடம் சொல்லி இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் ஜெயித்ததில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"வரலாம்ளா. ஆனா அந்தக் கரை அவ்வளவு நல்ல கரை இல்ல."

"ஏன்? என்ன இருக்கு?"

"புன்னைக்காயல்ல இருந்து ஒரு மீன்காரன் சைக்கிள்ல அந்த வழியாத்தான் ஊர் ஊரா வருவானாம். மீன்காரன் வாரான்னு ஜனங்களுக்குத் தெரியணும்லா, சைக்கிள்ல சலங்கை கட்டியிருப்பானாம். ஒரு வெள்ளத்துல மடைக்குள்ள விழுந்து போய்ச் சேந்துட்டான். இன்னைக்கும் ஒத்தையில போனா பின்னால சலங்கைச் சத்தம் மட்டும் வரும். திரும்பிப் பாக்கப்படாது."

"நீங்க மட்டும் போலாமா?"

"ஆம்பளைகளை ஒண்ணும் செய்யாதாம்."

அத்தனையும் அந்த இடத்தில் அவர் கட்டியது. சுந்தரி சைக்கிளை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். தன் பொய்யின் கட்டுமானத்தை நினைத்து நயினாருக்கே பெருமையாக இருந்தது.

முதல் சனிக்கிழமை சொர்க்கம். மழை விட்ட மேகமூட்டம். கரையில் ஒரு ஈ காக்கைகூடக் கேள்வி கேட்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை அப்படி இல்லை. அன்று பனி. வாழைத் தோட்டங்கள் பாதி உயரத்துக்கு மேல் காணாமல் போயிருந்தன. ஆறு தெரியவில்லை, அது ஓடும் சத்தம் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பழைய மடை ஒன்றைத் தாண்டும்போது வாழையிலை உரசுகிற சத்தத்துக்கு நடுவே வேறொன்று வந்தது. சல். ரொம்பத் தூரத்தில். அப்புறம் மறுபடியும். சல், சல்.

ஆடாக இருக்கும் என்று நினைத்தார். ஆட்டைக் காணோம். மிதிப்பதை நிறுத்தினார். மடைக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேற்கொண்டு எதையும் கேட்க அவர் அங்கே நிற்கவில்லை. ஏரல் போகவில்லை, டீ குடிக்கவில்லை. வந்த வழியே பறந்து வந்து வீட்டில் உட்கார்ந்தார்.

"என்ன, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க? மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு?"

"பனி."

"மீன்காரன் வந்தானா?"

"ஏளா, சும்மா இரி. இட்லிய வை."

வைத்தாள். அவர் தின்றது ஒன்றரை. சுந்தரி மீதி இட்லியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

நான் கட்டிய பேய் என்னையே எப்படித் துரத்தும் என்று வாரம் முழுக்கத் தனக்குத்தானே சொல்லி, மூன்றாவது சனிக்கிழமையும் நயினார் கிளம்பினார். போகாவிட்டால் சுந்தரி ஏன் என்று கேட்பாளே, அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

முக்காணி வரை தார் ரோடு. ஒரு சத்தமும் இல்லை. கரையில் ஏறி முதல் சரளைக்கல்லில் டயர் பட்டதுதான் தாமதம். சல்.

இந்த முறை தூரத்தில் இல்லை. முதுகுக்குப் பின்னால், யாரோ துணியில் சுற்றி வைத்து ஆட்டுவதைப் போல அமுங்கிய சத்தம். அவர் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வந்தது. மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. பிரேக் பிடித்து நின்றார். அவர் நின்ற பிறகு அது இரண்டு தடவை சல், சல் என்று விட்டு, அப்புறம் நின்றது. கூடவே வந்தவன் காலை ஊன்றி நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கதையில் வைத்ததே அவர்தான். ஆனாலும் திரும்பினார். ஈரமண்ணில் அவருடைய ஒற்றை டயர்த் தடம் பனிக்குள் போய் மறைந்தது.

கொஞ்ச தூரத்தில் கரைச் சரிவில் இசக்கியப்பன் நின்றுகொண்டிருந்தான். அறுத்த வயல்களில் வாத்து மேய்க்கிறவன். நானூறு வாத்துகளும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கின. பிறகு மொத்தமாக விலகி வயலின் அந்தக் கோடிக்குப் போயின. இசக்கியப்பன் நயினாரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தான்.

"அண்ணாச்சி, கூட யாரு வாரது?"

"யாருமில்லையே. ஒத்தையாத்தான் வாரேன்."

"சலங்கைச் சத்தம் கேட்டுதே."

நயினார் சைக்கிளை விட்டு இறங்கினார். இசக்கியப்பனே தலையை ஆட்டிக்கொண்டான்.

"அப்போ மிக்கேல்தான்."

"எந்த மிக்கேல்?"

"சலங்கை மிக்கேல். மீன் விக்க வருவானாம். வெள்ளத்துல இந்த மடையிலதான் போனான்."

"யோவ், அது நான் சொன்ன கதைவே!"

"உம்ம கதையா? எங்க அப்பா சொல்லுவாருல்லா, நான் அரைட்ராயர் போட்ட காலத்துல?"

தான் கட்டிய பொய்க்கு ஒருவன் பெயரும் வைத்து, அப்பாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டதைக் கேட்டதும் நயினாருக்கு மிதிக்கும் எண்ணமே போய்விட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தள்ளினாலும் விடவில்லை. கல்லுக்குக் கல் சல், சல். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை இவள் வேலையோ? வாழைக்குள் ஒளிந்து வருகிறாளோ? நடந்துகொண்டே வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். சுந்தரி முகம் வந்தது. பின்னால் குக்கர் விசிலடித்தது.

"எங்க இருக்க?"

"அடுப்படியிலதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

சுந்தரி போனைக் காதுக்கு அருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

"இந்தாங்க, உங்க பின்னால என்ன அது? சலங்கை மாதிரி கேக்கு!"

அன்று மத்தியானம் ஆறுமுகநயினார், கப்பல் ஏஜென்சியின் மூத்த ஊழியர், சுந்தரியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏளா, நீ கேட்டேல்லா, உனக்கும் ஒரு சைக்கிள்..."

"கரை நல்ல கரை இல்லன்னீங்க?"

"ரெண்டு பேராப் போனா ஒண்ணும் செய்யாது."

"எனக்குத் தையல் வேலை கிடக்கு."

"சுந்தரி, உன் காலைப் பிடிச்சிக் கேக்கேன்."

"சரி. உங்களுது மாதிரியே வேணும். அதே கம்பெனி. நீலக் கலரு. சனிக்கிழமை கட்டுச்சோறு நீங்கதான் கட்டணும்."

"கட்டுதேன். நீ எனக்குப் பின்னால வந்தாப் போதும்."

"பேய் பின்னால வருதுன்னு சொல்லிட்டு என்னையப் பின்னால விடுதீங்களா? நான் முன்னால. நீங்க பின்னால."

நான்காவது சனிக்கிழமை நீல சைக்கிள் முன்னால் போயிற்று. சுந்தரி சேலைக்குப் பதில் சுடிதார் போட்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் மிதிக்காதவள் மாதிரியே இல்லை. வழி நெடுக ஒரு சத்தமும் வரவில்லை. பேய்க்கும் இவளைக் கண்டால் பயம் என்று நயினார் நினைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேயின்மேல் பரிதாபப்பட்டார்.

அடுத்த வாரம் செயின் சத்தம் போடுகிறதென்று சைக்கிளை மாரிராஜின் சைக்கிள் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். மாரிராஜ் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஒற்றைச் சலங்கையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூல் அதில் இன்னும் தொங்கியது.

"அக்காட்ட குடுத்திருங்க அண்ணாச்சி. அன்னைக்குக் கழட்டும்போது மறந்துட்டுப் போயிட்டாங்க."

"எதுல இருந்து கழட்டும்போது?"

"உங்க சீட்டுக் குழாய்க்குள்ள இருந்துதான். திருட்டு அலாரம்னு அக்காதான் தொங்கவிடச் சொன்னாங்க. தார் ரோட்டுல கேக்காது, கல்லு ரோட்டுல அதிர்ந்தா மட்டும் கேக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

நயினார் வீட்டுக்கு நடந்து வரவில்லை, எரிந்து வந்தார். சலங்கையைத் தையல் மெஷின்மேல் ஓங்கி வைத்தார்.

"இது என்ன?"

"அனுசியா டான்ஸ் கிளாசுக்குப் போனப்ப கட்டுன சலங்கை. நல்லவேளை, தொலைஞ்சுட்டுன்னு நினைச்சேன்."

"பெத்த மக சலங்கைய எடுத்துப் புருஷனக் கொல்லப் பாத்தியேளா! அந்த ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு உயிர் போய் உயிர் வந்துது!"

சுந்தரி மெஷினை நிறுத்தினாள்.

"ரெண்டாவதா?"

"ஆமா, பனியா கிடந்துதே, அன்னைக்குத்தான்."

"நான் மாரிராஜ்ட்ட போனது அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. நீங்க பேயறைஞ்ச மாதிரி வந்து ஒன்றரை இட்லி தின்னீங்கல்லா, அதைப் பாத்த பொறவுதான் எனக்கு இந்த யோசனையே வந்துது."

நயினார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் சிரிப்பும் இல்லை, சிரிப்பு இல்லாமலும் இல்லை.

"அப்போ அந்த வாத்துக்காரன்ட்ட மிக்கேல் கதைய யாரு சொன்னா? நீதானே?"

"எனக்கு எந்த வாத்துக்காரனத் தெரியும்? மிக்கேல் யாரு?"

அவள் பொய்தான் சொல்கிறாள் என்று நயினாருக்கு முக்கால்வாசி நிச்சயம். மீதிக் கால்வாசியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தக் கரையில் தனியாகப் போக முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"சனிக்கிழமை கட்டுச்சோறு புளியோதரையா, எலுமிச்சஞ்சாதமாளா?"