பதினைந்து ஆம்ப்ஸ் சம்பந்தி

காட்டில் புதிதாக ஒரு தவளையைக் கண்டுபிடித்தால்கூடப் பத்திரிகையில் படத்தோடு போடுகிறார்கள். பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் சில வருடங்களாக ஒரு புதிய மனித இனம் பெருகிக்கொண்டு வருவதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டு வாசலில் பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சாரக் கார் நிற்கும். பக்கத்திலேயே அவர் நிற்பார். நீங்கள் அந்த வழியாகப் போனால் போதும். "சாப்ட்டியா?" என்று கேட்க வேண்டிய வாய், "கிலோமீட்டருக்கு இன்னா ஆவுது தெரியுமா?" என்று கேட்கும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் யூனிட்டானந்தர்.

"உன் வண்டி கிலோமீட்டருக்கு ஏழு ரூவா துன்னுது. என் வண்டிக்கு ஒரு ரூவா. கணக்கு போட்டுப் பாரு."

நீங்கள் போட வேண்டாம், அவரே போடுவார். கல்யாணப் பந்தியில் ரசம் இலையை விட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போடுவார், சாவு வீட்டில் சங்கு ஊதுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் போடுவார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தால் விரலை மடக்கிப் போடுவார். காரின் விலை என்ன, மாதத் தவணை என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது கணக்கில் சேராது. அதை மகன் கட்டுகிறான்.

யூனிட்டானந்தருக்கு உலகத்தில் இரண்டு பயங்கள். முதலாவது, ரோட்டோரத்து சார்ஜிங் ஸ்டேஷன். வீட்டில் எட்டு ரூபாய்க்குக் கிடைக்கிற யூனிட்டை அங்கே இருபது ரூபாய்க்கு விற்று, அதன் தலையில் ஜிஎஸ்டியையும் ஏற்றுகிறார்களாம். கள்ளுக்கடையைத் தாண்டும் பக்தரைப் போல அந்தப் பக்கம் பார்க்காமலே தாண்டிப் போவார். இரண்டாவது பயம், ஐந்நூறு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க ஆள் வரும்போது ஐந்நூறு யூனிட்டைத் தாண்டியிருந்தால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? கீழே படுத்திருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்தல்லவா ஏறுகிறது! ஆகையால் மீட்டர்காரர் வருகிற வாரத்தில் யூனிட்டானந்தர் வீட்டில் ஏசி ஓடாது, துணி மிஷின் சுற்றாது, இட்லிக்கு மாவு கடையில் வாங்குவார்கள். காருக்கு மட்டும் பசி அடங்காது. அதற்கு என்ன செய்வார்? வெளியே மேய்ப்பார். இலவசமாக சார்ஜ் போட விடுகிற வணிக வளாகம், கடன் பட்ட நண்பன், மரியாதை தெரிந்த உறவினர் என்று வளைய வருவார். ஊரெல்லாம் உறவுக்காரர் வீட்டுக்கு வாழைப்பழத்தோடு போகிறது. இவர் ஒயரோடு போகிறார்.

பட்டாபிராமில் எங்கள் தெருவில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் பரந்தாமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, கார் ஒன்றைத் தவிர. அவருடைய மகன் தினகரனுக்கு முப்பத்து நாலு வயது. ஜாதகம் பொருந்தாமல், பொருந்தினால் பெண் வீட்டார் பொருந்தாமல், வருடங்கள் போய்விட்டன. போன மாதம்தான் ஒன்று கூடி வந்தது. கரையான்சாவடி நடேசனின் மகள் வித்யா. இரு வீட்டார் அனுமதியோடு பிள்ளையும் பெண்ணும் இரண்டு வாரமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடியில் நின்று அவன் பேசிச் சிரிப்பதைத் தெருவே கேட்டது. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இது எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று எனக்கே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்கப் புறப்பட்டோம். பரந்தாமன், மனைவி வடிவு, தினகரன் என்று மூன்று பேராகப் போகக் கூடாது இல்லையா? அதனால் நாலாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"அண்ணாத்தே, நீ எத்தினி கிலோ?" என்றார் பரந்தாமன்.

"எண்பத்தாறு. எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. அம்பது கிலோவுல ஒரு ஆளு தெருவுல இல்லாமப் பூட்டான்."

சாஸ்திரத்துக்கு ஆள் வேண்டும், வண்டிக்கு ஆள் கூடாது. அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே இரக்கமாகிவிட்டது. வண்டியில் அப்போது பதினான்கு சதவீதம்தான் சார்ஜ். அந்த வாரம் அவர் வீட்டுக்கு மீட்டர்காரர் வரும் வாரம். வெயில் மே மாதத்து வெயில். ஏசி போட்டால் தூரம் குறையுமாம், கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்குமாம். ஆகவே நாங்கள் நால்வரும் மூடிய காருக்குள் இட்லிப் பானையில் உட்கார்ந்த மாதிரி ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு தாண்டி, பூந்தமல்லி வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளையின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூந்தமல்லியில் சார்ஜிங் ஸ்டேஷன் ஒன்று காலியாக நின்றது.

"அப்பா, ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கலாம். நான் குடுக்கறேன்," என்றான் தினகரன்.

"நீ குடுத்தா மட்டும் அது காசு இல்லியா? சும்மா வா. அங்க ஒரு பிளக்கு இல்லாமலா பூடும்?"

வடிவு என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

கரையான்சாவடியில் நடேசன் வீட்டு வாசலில் பெரிய கோலம். நடேசன் கை கூப்பினார், அவர் மனைவி ஜெகதாம்பாள் பன்னீர் தெளித்தார். பழத் தட்டை வடிவு நீட்டினார். பரந்தாமன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட முதல் கேள்வியை அப்படியே தருகிறேன்.

"பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக்கு எங்க கீதுங்க?"

நடேசன் விழித்தார். பையன் வீட்டார் கேட்கக்கூடியது என்று அவர் எத்தனையோ எதிர்பார்த்திருப்பார். அதில் பிளக் இல்லை. ஹாலில் ஏசிக்கு ஒன்று இருக்கிறது என்றார். அந்த ஏசியையும் எங்களுக்காகத்தான் காலையிலிருந்து ஓடவிட்டிருந்தார்கள்.

"ரெண்டும் சேந்தா லோடு தாங்காதுங்க. ஏசி எதுக்கு, காத்து நல்லாத்தான வருது?"

காற்று எங்கே வந்தது? ஏசி நின்றது. ஜன்னல் வழியாகக் கறுப்பு ஒயர் உள்ளே நுழைந்து, பழத் தட்டைச் சுற்றிக்கொண்டு, சோபாவின் காலடியில் ஊர்ந்து சுவருக்கு ஏறியது. பட்டுப் புடவைகள் நனையத் தொடங்கின. காபித் தட்டோடு வந்த வித்யா ஹாலின் நடுவில் நின்றாள். ஒயரைப் பார்த்தாள், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நிதானமாகத் தாண்டி வந்தாள். "பாத்தும்மா, மிதிச்சிடாத," என்றார் வருங்கால மாமனார். அது காபி கொட்டிவிடும் என்ற கவலையில் சொன்னதல்ல என்பது அவளுக்கும் புரிந்திருக்கும்.

சமையல் உள்ளுக்குப் போய்விட்டு வந்த வடிவின் முகம் செத்துப் போயிருந்தது. என் காதருகே குனிந்தார். "நாளைக்கி இவங்களுக்கு ரீடிங்காம்ணே. ஐந்நூறுக்கு அஞ்சாறு யூனிட்டுதான் பாக்கியாம். அந்தம்மா ரெண்டு வாரமா கையில தொவைக்கிதாம். நமக்கோசரம்தான் ஏசியே போட்டாங்களாம். இப்ப வந்து இவரு..." மேலே சொல்ல முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் வீட்டு ஐந்நூறைக் காப்பாற்ற இன்னொரு வீட்டு ஐந்நூறை உடைக்க வந்திருந்தோம்.

பெண்ணும் பிள்ளையும் தனியாக ஒரு வார்த்தை பேசட்டும் என்று நடேசன் சொன்னார். இருவரும் போர்ட்டிகோவுக்குப் போனார்கள். அங்கே நானும் இருந்தேன் என்பதற்கு மன்னிக்க வேண்டும். காரில் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி பரந்தாமன் என்னைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் வித்யா.

"கேளுங்க."

"கல்யாணத்துக்கு அப்பறம் உங்க வீட்டுல ராத்திரி ஏசி போட்டுக்கலாமா? இல்ல, வண்டி சாப்ட்டு முடிக்கட்டும்னு நாம விசிறிட்டு உக்காந்திருக்கணுமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கண்ணில் சிரிப்பு இருந்தது. அவன் ஒரு சிரிப்புச் சிரித்து, "வண்டிய வித்துடலாம்" என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லடா, சொல்லித் தொலையடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. தினகரன் காரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், உள்ளே அப்பாவின் முதுகைப் பார்த்தான்.

"அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்," என்றான்.

அவள் கண்ணிலிருந்த சிரிப்பு போயிற்று. "சரி, கேட்டுட்டுச் சொல்லுங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் நடேசன் வந்து உட்கார்ந்து, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்," என்றார். இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். பரந்தாமனுக்குத் தெரியவில்லை. "அவசரமே இல்லீங்க. இன்னும் ஒரு ரெண்டு பர்சன்ட் ஏறட்டும், கெளம்பிடறோம்," என்றார்.

திரும்பும்போது அவருக்கு ஏக உற்சாகம். பூந்தமல்லி ஸ்டேஷனைக் கடக்கையில் அதைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அங்க போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும், இப்ப இன்னா ஆச்சு? கணக்கு போட்டுப் பாரு அண்ணாத்தே!" தினகரன் போனை எடுத்துப் பார்த்தான், கவிழ்த்து மடியில் வைத்தான், மறுபடியும் எடுத்தான். வாட்ஸ்அப்பில் வித்யாவின் படம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவனை பிளாக் செய்துவிட்டாள். அவன் அழவில்லை. கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன்யா," என்றார் வடிவு. இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "புள்ளைக்கு முப்பத்தி நாலு ஆவுது. அத்த எந்தக் கணக்குலய்யா சேப்ப?"

பரந்தாமன் சார்ஜ் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

உங்களிடம் காரே இல்லை, அதனால் இந்த இனத்தில் நீங்கள் சேரமாட்டீர்கள் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், இல்லையா? ஒரு சின்னப் பரீட்சை. பூந்தமல்லியில் போட்டிருந்தால் எவ்வளவு, கரையான்சாவடியில் ஓசியில் போட்டதால் மொத்தம் எத்தனை ரூபாய் மிச்சம் என்று நான் கடைசிவரை சொல்லவேயில்லை. அதை ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குள் ஒரு அரிப்பு இருக்கிறதா? இரண்டு மணி நேரம், மணிக்கு மூன்று யூனிட், யூனிட்டுக்கு இருபது ரூபாய் என்று விரல் தானாக மடங்குகிறதா? அப்படியானால் தயவுசெய்து உங்கள் வீட்டில் கல்யாண வயதில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் கணக்கை முடிக்கும்வரை அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.