மொட்டை போட்ட நாள் முதல் ஆப்சென்ட்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை மாலை

மதிப்பிற்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை முத்துவேல் அவர்களுக்கு, மாமனார் சுடலைமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை கற்பகமும் சுகம். காக்கநாட்டில் நீங்களும் என் மகள் சோனியாவும் குறையில்லாமல் இருக்கப் பழனியாண்டவன் பார்த்துக்கொள்வான். நான் சுகம் என்று சொன்னது டாக்டர் கணக்கு. எங்கள் சுக்குக் கிடங்கு மெஷினின் கணக்கில் நான் ஒன்பது நாளாக ஆளே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமனார் அழுவதை மாப்பிள்ளை கேட்கக் கூடாது. தமிழ் வாசிப்பது உங்களுக்குத் தடுக்கும் என்று தெரியும். அதற்காகச் சோனியாவிடம் கொடுத்துவிடாதீர்கள், அவள் சிரிப்பாள். எழுத்துக் கூட்டி நீங்களே படியுங்கள்.

எங்கள் பெரிய முதலாளி நாணு போனபின் பேரன் ஜிதின் பொறுப்புக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். வந்ததும் எல்லோரையும் சுக்கு மூட்டைமேல் உட்காரவைத்து, கிடங்கு மாறப்போகிறது என்றார். இனிமேல் வருகைப் பதிவேடு இல்லை, வாசலில் மாட்டியிருக்கும் மெஷின்முன் காலையும் மாலையும் முகத்தைக் காட்டினால் போதும் என்றார். என் தோளில் கை போட்டு, “அண்ணாச்சி, மாற்றம் மேலேருந்து வந்தா ஆளுங்க பயந்து பேடிச்சு போகும். உங்கள மாதிரி மேஸ்திரி வழியா வரணும். நீங்களாக்கும் லீடர், கேட்டோ?” என்றார். முப்பத்தோரு வருஷத்தில் என்னை யாரும் லீடர் என்று சொன்னதில்லை, மாப்பிள்ளை. புத்தி மயங்கிவிட்டது. பத்து வேலைநாள் தொடர்ந்து முகம் காட்டாதவர் பெயரை மெஷினே நீக்கிவிடும், முதலாளி சொன்னாலும் கேட்காது என்று அவர் ஒரு சட்டம் சொன்னபோது முதலில் கைதட்டியவன் நான்தான்.

அடுத்து நான் செய்த தப்பு, நாளைக்குப் போட்டோ எடுக்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொன்னது. நம் சனங்களிடம் போட்டோ என்று சொன்னால் என்ன ஆகும்? நாற்பத்து மூன்று பேரும் கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்தார்கள். பெண்கள் பவுடரும் பூவும், ஆண்கள் தலைக்கும் மீசைக்கும் மை. சுக்குப் பொறுக்கும் மாயம்மாள் படித்த களை வரவேண்டும் என்று பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். மெஷின் அந்த அலங்காரத்தை எல்லாம் முகம் என்று நினைத்து உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. மறுநாள் வேலைக்கு வந்த நிஜ முகங்களை அதற்கு அடையாளம் தெரியவில்லை. “போட்டோன்னு சொன்னது நீருதான அண்ணாச்சி? போட்டோவுக்கு மூஞ்சி கழுவாம வர முடியுமா?” என்று மாயம்மாள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லோரும் சீவிச் சிங்காரித்துச் சுக்குப் பொறுக்க வருகிறார்கள். சாயந்திரமும் முகம் காட்ட வேண்டுமே, அதனால் நான்கு மணிக்கே வேலை நின்று, கிடங்கு முழுக்கப் பவுடர் வாசனை. போஸ்ட்மாஸ்டர் பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டார். வேலைநேரம் மிச்சமாகும் என்றுதான் இந்த மெஷின் வந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் நாற்பத்து மூன்று முகமும் மெஷினில் ஏறிவிட்டால் பழனிக்கு முடி கொடுக்கிறேன் என்று முதல்நாளே நேர்ந்துகொண்டிருந்தேன். ஏறிவிட்டது. கடவுளை ஏமாற்ற முடியுமா? உங்கள் அத்தையோடு போய்த் தலையும் மீசையும் கொடுத்து, சந்தனம் பூசிக்கொண்டு, போன வாரம் திங்கட்கிழமை காலை மெஷின்முன் போய் நின்றேன். அது ஒரு பெண்குரலில், “நாட் ரெகக்னைஸ்டு” என்றது. ஒரு சின்னப் பெண் இத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டது போல் இருந்தது.

ஜிதினிடம் ஓடினேன். “சாரமில்ல அண்ணாச்சி, இதொரு பெரிய விஷயமில்ல, புது முகம் ஏற்றிரலாம்” என்று ஏதோ அமுக்கினார். புது முகம் ஏற்ற முதலில் பழைய முகத்தைக் காட்டு என்றது மெஷின். பழைய முகம் பழனியில் இருக்கிறது. போட்டோ ஏதாவது காட்டலாம் என்றால் என் ஆதார் கார்டில் இருப்பது நானா என்று எனக்கே சந்தேகம். மறுநாள் அத்தை கண்மையால் மீசை வரைந்து அனுப்பினாள், வாசலுக்கு வருவதற்குள் வேர்த்து வழிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் வைப்பின் தீவில் ஒரு நாடகக்காரரிடம் ஒட்டுமீசை வாங்கி ஒட்டிக்கொண்டு போனேன். மெஷின் சந்தோஷமாக, “குட் மார்னிங், ராஜப்பன்” என்றது. ராஜப்பன் எங்கள் லோடிங் ஆள். அவனுக்கு அன்று இரண்டு ஆஜர், எனக்கு ஒன்றும் இல்லை. “சனிக்கிழம எனக்கொரு கல்யாணம் உண்டு அண்ணாச்சி, அந்த மீசைய எடுத்துக் களையாதீங்க” என்று அவன் இப்போது என் பின்னாலேயே திரிகிறான்.

சிரிப்பாகத்தான் இருக்கும், மாப்பிள்ளை. ஆனால் நாளை பத்தாவது நாள். மாலை ஆறு மணிக்கு என் பெயர் போய்விடும். வரும் மாதம் ஓய்வு பெற வேண்டியவன் நான். காய்ச்சலில் கூட வேலைக்குப் போனவன், வேலைக்கு வராமல் நின்றுபோனவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டுமா? அந்த மெஷினைச் செய்த கம்பெனி காக்கநாட்டில்தான் இருக்கிறதாம். உங்கள் ஆபீசும் காக்கநாட்டில்தான். சாயா குடிக்கும்போது அந்தக் கம்பெனிக்காரரைப் பார்த்து, என் மாமனாரை மொட்டையோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளை காலை ஒன்பது மணி லாரியில் ராஜப்பன் இதைக் கொண்டுவந்து தருவான். ஆறு மணிவரை ஒரு முழுப்பகல் இருக்கிறது, படித்தவருக்கு அது போதும்.

சோனியாவுக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் எந்த மெஷினும் மறுக்காத முகத்தோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தற்போது இல்லாத மாமனார்,
சுடலைமணி

பின்குறிப்பு: வியாழன் காலை எட்டரை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். மாற்றத்தை நடத்திக் காட்டியவன் என்று எனக்குப் பாராட்டு விழா வைக்க, ஜிதின் சத்தமில்லாமல் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறார். பதிவு செய்த நாளில் மெஷின் எடுத்த அதே படம், மை போட்ட மீசையோடு. அவர் வெலிங்டன் தீவுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அது வந்து இறங்கியது. மாயம்மாள் இன்னொருத்தியோடு சேர்ந்து அதைத் தூக்கி மெஷின்முன் நிறுத்தினாள். “குட் மார்னிங், சுடலைமணி” என்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆகவே அந்தக் கம்பெனிக்காரர் கண்ணிலேயே படாதீர்கள், ஒன்றையும் சரிசெய்யச் சொல்லிவிடாதீர்கள். லாரி இன்று ஒன்பது மணிக்குக் கிளம்பாது, ராஜப்பன் உட்பட மீதி நாற்பத்திரண்டு பேரும் தங்கள் அலங்கார முகத்தை அடித்து வாங்க ஃபிளெக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். கடிதம் மத்தியானம்தான் வரும். நாளை முதல் எங்கள் கிடங்கில் எல்லோரும் சரியாக எட்டு மணிக்கு ஆஜர். நாங்கள் பத்து மணிக்கு மேல் போவோம்.